சர்பஞ்ச் கிதேரியுவின் குரல்வளம்

மீன்காரி செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினாலும், அது சாயமாக இருக்கலாம் என்று விரலால் தேய்த்துப் பார்க்கிறவர் மினின். காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற ரொட்டிக்காரன் எண்ணிப் போட்டதை அவன் முகத்துக்கு நேராகவே இன்னொரு தடவை எண்ணுவார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருப்பது பாதிரியார்தானா என்று ஒரு முறை இருமிப் பார்த்து, பதில் இருமல் வந்த பிறகுதான் பாவங்களைச் சொல்ல ஆரம்பிப்பார். அப்படிப்பட்ட மனிதர், கண்ணால் பார்த்திராத ஒரு கம்பெனியிடம் தன் பாட்டைக் கொடுக்கப்போவதாகச் சொன்னபோது, மனைவி எஸ்பெரான்சா தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ச்சல் இல்லை. காரணம் பொனிஃபாஸ்.

பொனிஃபாஸ் தியாத்ர் எழுதி, இயக்கி, அதில் பார்வையிழந்த தகப்பனாராகவும் நடிப்பவர். தியாத்ர் என்கிற மேடை நாடகம் என்றால் ஏழு அங்கம் கண்ணீர். ஒவ்வோர் அங்கம் முடிந்ததும் திரை விழும். திரைக்குப் பின்னால் வீட்டைப் பிரித்து ஆஸ்பத்திரி கட்டுவார்கள். அந்தச் சுத்தியல் சத்தம் சபைக்குக் கேட்காமலிருக்க, திரைக்கு முன்னால் வாத்தியக்காரர்களோடு ஒருவர் நின்று ஊர் அரசியலைக் கிழித்துப் பாட வேண்டும். மினின் இருபத்தெட்டு வருஷமாக அப்படிக் கிழிக்கிறவர். மேடையில் அவர் பெயர் ‘மினின் தெ அம்பெமொல்’. பாடகர்கள் பெயரோடு ஊரைச் சேர்த்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். ஊர் அதை ஆட்சேபித்ததாக வரலாறு இல்லை.

அந்த ஜனவரியில் பக்கத்து நகரமான மட்காவின் நாடக மண்டபமே அதிர்ந்தது, அம்பெமொல் சர்பஞ்ச் கிதேரியு கொலாசுவைப் பற்றி அவர் பாடிய பாட்டுக்குத்தான். பஞ்சாயத்துத் தலைவரான கிதேரியு, எட்டடி நீளமுள்ள ஒரு கால்வாய்ப் பாலத்தை மூன்று முறை திறந்து வைத்திருந்தார். கல் வைத்தபோது ஒரு தடவை, கட்டி முடித்தபோது ஒரு தடவை, கைப்பிடிக்குப் பெயிண்ட் அடித்தபோது ஒரு தடவை. ‘பாப்’ என்று ஐயா போட்டுத்தான் பாடினார்.

*மூணு தரம் நாடா வெட்டின கிதேரியு பாபே,*
*முழுசா ஒரு பசு இன்னும் தாண்டலையே பாபே,*
*கத்திரி மழுங்குது, கால்வாய் சிரிக்குது,*
*கை தட்ட வந்தவனுக்குக் காப்பி எங்கே பாபே.*

கடைசிச் சரணத்தை இன்னொரு தடவை பாடச்சொல்லிச் சபை விசிலடித்தது. பாடினார். அதை ஒருவர் ஒழுங்காகப் பதிவும் செய்து கொடுத்திருந்தார்.

நோன்புக்கு முந்தைய கார்னிவலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பொனிஃபாஸ் வீட்டுக்கு வந்தார். சொர்ப்பத்தேல் கறியை இரண்டு தடவை போட்டுக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

“ஈஸ்டர் ஞாயிறு மூணரைக்குப் புது தியாத்ர் இறக்கறேன், மினின். ஆறு பாட்டுக்காரங்க. அஞ்சு பேர் முடிஞ்சாச்சு.”

“ஆறாவது நான்தானே?”

“நீதான். ஆனா ஸ்பான்சர் இருக்கானே, அவன் ஆளைப் பாக்கறதில்ல. போன்ல பாட்டுக் கடை இருக்குல்ல, அதுல பேரைத் தட்டிப் பாக்கறான். உன் பேரைத் தட்டினான், பினாயில் விளம்பரம் வந்துது.”

“இருபத்தெட்டு வருஷம் பாடியிருக்கேன், பொனிஃபாஸ்.”

“எங்க பாடினே? காத்துல பாடினே. கடைல பாடு. முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மதியத்துக்குள்ள லிங்க் அனுப்பு. இல்லேன்னா வாஸ்கோக்காரன் ஒருத்தன் காத்துட்டிருக்கான். மூக்கால பாடுவான். ஆனா பதினோரு கடையில இருக்கான்.”

அவர் போன பிறகு எஸ்பெரான்சா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “உன் பாட்டு பாட்டே இல்லேன்னு சொல்ல வந்த ஆளுக்கு என் கறி மட்டும் கறியாத் தெரிஞ்சிருக்கு.”

அந்தக் கடைகளுக்குப் பாட்டுக்காரன் நேராகப் போக முடியாது. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். விசாரித்ததில் எல்லோரும் சொன்ன பெயர் ககன்நாத் டிஜிட்டல். அவர்களுடைய முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: ‘கலைஞனுக்கும் உலகத்துக்கும் நடுவில் யாருமே இல்லை. நாங்கள் மட்டும்தான்.’

மினின் அதை மூன்று முறை படித்தார். “இதுல ஏதோ உள்குத்து இருக்கு, எஸ்பெரான்சா.”

“உள்குத்தா? வெளியிலயே குத்தி வெச்சிருக்கான். போனைக் கொடு.”

கல்யாண கவுன்களுக்கு மணி கோக்கிற விரல்கள் அவளுடையவை. போனில் எழுத்துகளை அவள்தான் தட்டினாள். முதல் கேள்வி: நீங்கள் மனிதரா? கேட்டது ஒரு இயந்திரம். மினின் மனிதர் என்று பதில் போனது. ஆதாரம் கேட்டது. அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி, இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, சிரிக்காமல் ஒரு படம். அனுப்பினார்கள். ‘படத்தில் உள்ளவர் பதற்றமாகத் தெரிகிறார். பதற்றத்துக்கான காரணத்தை நூறு சொற்களுக்குள் எழுதவும்’ என்று பதில் வந்தது.

“என்ன எழுதட்டும்?” என்றாள்.

“என்னைச் சந்தேகப்படறாங்கன்னு பதற்றமா இருக்குன்னு எழுது.”

எழுதினாள். ‘நன்றி. சந்தேகப்படுவதற்கு இடமிருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டதால் உங்கள் கோப்பு சிறப்புப் பரிசீலனைக்கு மாற்றப்படுகிறது.’

அடுத்தது அட்டைப்படம். டிரம்பெட்டோடு மினின் நிற்கிற படத்தைக் கொடுத்தார்கள். டிரம்பெட்டின் கழுத்தில் அதைச் செய்த கம்பெனியின் பெயர் பொறித்திருந்தது. அந்தக் கம்பெனியின் அனுமதி வேண்டுமாம். எஸ்பெரான்சா ஒரு சாட்டின் துண்டை அதன் கழுத்தில் கட்டி மறுபடி படமெடுத்தாள். ‘துணியால் எதையோ மறைத்திருக்கிறீர்கள்’ என்று வந்தது. கடைசியில் டிரம்பெட்டை எடுத்துவிட்டு, மினின் வெறும் கையை வாயருகே குவித்துக்கொண்டு நிற்கிற படம் ஏற்கப்பட்டது. பார்க்கிறவர்களுக்கு, அவர் கொட்டாவியை அடக்குகிறார் என்று தோன்றும்.

பிறகுதான் பாட்டுக்கே வந்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்த கடிதம் சொன்னது: ‘உங்கள் பாடலின் கடைசி ஒன்றரை நிமிடம், வேறொரு பாடலிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டதாகத் தெரிகிறது. அந்த வேறொரு பாடல், இதே பாடலின் அதற்கு முந்தைய ஒன்றரை நிமிடம். உரிமையாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் தேவை.’

மினின் அதை எடுத்துக்கொண்டு கொல்லையில் பலா மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். சபை கேட்டது என்பதற்காக ஒரு சரணத்தை இரண்டாம் முறை பாடியது திருட்டா என்று யோசித்தார். மேடையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அச்சடித்த எழுத்தில் பார்க்கும்போது கொஞ்சம் திருட்டு மாதிரிதான் இருந்தது.

திரும்பி வந்து சொன்னார்: “எழுது. ‘அன்புள்ள மினினுக்கு, மினின் எழுதிக்கொள்வது. என் சரணத்தை நீ மறுபடி பாடியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.’”

“நலமா இருக்கியான்னு ஒரு வரி போடவா? வீட்டுக்கு வான்னு கூப்பிடவா?”

“கிண்டல் பண்ணாதே. கையெழுத்து போடணும்.”

கொடுத்தவராக ஒரு கையெழுத்து, பெற்றுக்கொண்டவராக ஒரு கையெழுத்து. நான்கு நாளில் திரும்பி வந்தது. ‘இரண்டு கையெழுத்துகளும் ஒன்றுபோல் உள்ளன. ஒருவரே இருவராகக் கையெழுத்திட்டிருப்பதாகச் சந்தேகிக்கிறோம்.’

எஸ்பெரான்சா புதுத் தாளில் கடிதத்தை எழுதி, உரிமையாளர் மினின் என்ற இடத்தில் தானே இடது கையால் கிறுக்கி அனுப்பினாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: ‘இது உண்மையான ஆவணமாக ஏற்கப்படுகிறது. நேர்மைக்கு நன்றி.’

கார்னிவல் வந்தது, போனது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு மினின் போனைப் பார்த்தார். ‘உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது.’ அதற்கு அடுத்த வாரம் கம்பெனியே மட்காவுக்கு வந்தது. ‘கலைஞர் நம்பிக்கை முகாம்’ என்று ஓட்டல் மாடியில் பேனர் கட்டியிருந்தார்கள். வாசலில் பையைத் திறந்து பார்த்து, உலோகம் தேடும் கருவியால் முதுகைத் தடவி, கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு இளநீர் கொடுத்து உள்ளே விட்டார்கள்.

பேசியவர் கம்பெனியின் மெய்ம்மைத் துறைத் தலைவர் நிரஞ்சன் பாவே. புனேக்காரர். மெல்லிய குரல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்ளும் பழக்கம்.

“சில கம்பெனிகள் கலைஞர்களை நம்பறாங்க,” என்றார் பாவே. “அதுல ஒரு பாரபட்சம் வந்துடுது பாருங்க. ஒருத்தரை நம்பி இன்னொருத்தரை நம்பாமப் போயிடுவோம். நாங்க அந்தத் தப்பைப் பண்ணறதில்ல. பெரியவர் சின்னவர்னு பாக்காம எல்லாரையும் சமமா சந்தேகப்படறோம். போன வருஷம் நாங்க வெளியிட்ட பாட்டைவிடத் தடுத்து நிறுத்தின பாட்டு பத்து மடங்கு அதிகம். அதுக்காக எங்களுக்கு விருது கொடுத்தாங்க. அந்த விழாவுலகூட ஒரு பாட்டு பாடறதா இருந்தது. தடுத்துட்டோம்.”

கைதட்டல் வந்தது. தட்டாமலிருந்தால் சந்தேகம் வரும் என்று மினினும் தட்டினார்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தாள். “சார், நான் ஒரு தாலாட்டு கொடுத்திருந்தேன். என் பொண்ணுக்காகப் பாடினது.”

“ரொம்ப சந்தோஷம். எந்த நிலையில இருக்கு?”

“பொண்ணு ரெண்டாங் கிளாஸ்ல இருக்கா.”

“பொறுமை,” என்றார் பாவே. “நல்ல பாட்டு எத்தனை வருஷமானாலும் நிக்கும். நாங்க அதைச் சோதிச்சுப் பாக்கறோம், அவ்வளவுதான்.”

மினின் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்தார். “சார், நீங்க என் பாட்டைக் கேட்டீங்களா?”

பாவே கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கேள்வி அவரைப் புண்படுத்தியிருந்தது. “எங்க துறையில யாரும் பாட்டு கேக்கறதில்லைங்க. முதல் நாளே உறுதிமொழி வாங்கிடுவோம். பாட்டைக் கேட்டா மனசு இளகும். மனசு இளகினா கையெழுத்து போட்டுடுவோம். நான் சின்ன வயசுல தபலா கத்துக்கிட்டவன். இந்த வேலைக்காக விட்டுட்டேன்.”

முகாம் முடிந்ததும் மினினைத் தனியே மேஜைக்கு அழைத்தார்கள். பாவே கோப்பைப் புரட்டினார்.

“மினின் தெ அம்பெமொல். இதுல அம்பெமொல்ங்கறது என்ன?”

“எங்க ஊரு சார்.”

“அப்ப அது ஒரு இடம். ஒரு இடத்தோட பேரை நீங்க உபயோகிக்கறீங்க. அந்த இடம் சம்மதிச்சிருக்கா?”

“இடம் எப்படி சார் சம்மதிக்கும்? நான் அங்கதான் பொறந்தேன்.”

“அங்க நிறையப் பேர் பொறந்திருப்பாங்க. நாளைக்கு எல்லாரும் அந்தப் பேரோட பாட வந்தா?” பாவே இன்னொரு தாளைத் திருப்பினார். “அப்புறம், பாட்டுல உயிரோட இருக்கற ஒருத்தர் பேர் வருது. கிதேரியு கொலாசு. அவரைப் பத்தி நல்லதா சொல்லியிருக்கீங்களா, கெட்டதா?”

“சொன்னது உண்மை சார்.”

“அப்ப அவரோட சம்மதமும் வேணும். அம்பெமொல்லுக்குப் பொறுப்பான அதிகாரி யாரு?”

“அவரேதான்.”

பாவேயின் முகம் முதல் முறையாக மலர்ந்தது. “பாருங்க உங்க அதிர்ஷ்டத்தை. ஒரே ஆள்கிட்ட ரெண்டு வேலையும் முடிஞ்சுது.”

பேருந்தில் திரும்பி வரும்போது மினின் ஒரு காரியம் செய்தார். பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மீசை கொஞ்சம் வேறு மாதிரிதான் இருந்தது.

சர்பஞ்ச் கிதேரியு பஞ்சாயத்து அலுவலகத்தில், தான் நாடா வெட்டுகிற நான்கு படங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மினின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தன்னைக் கிழித்துப் பாடியவனுக்கே சம்மதம் கொடுக்கும்படி ஒரு மனிதரிடம் கேட்பது எப்படி என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக மறந்தார்.

“உக்காரு, மினின். என்னைப் பத்தி ஏதோ பாடினியாமே.”

“சும்மா தமாஷுக்கு, சர்பஞ்ச் பாப்.”

“தமாஷா? தப்பாப் பாடியிருக்கே. மூணு நாடாங்கறே. நாலு. கைப்பிடிக்குப் பெயிண்ட் ரெண்டு கோட்டிங்.”

மினின் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். கிதேரியுவின் கண்கள் சுருங்கின. இதுவரை அவரைப் பாடிய எவனும் வந்து அனுமதி கேட்டதில்லை. இதில் எதிர்க்கட்சியின் சூழ்ச்சி இருக்க வேண்டும்.

“நான் சம்மதிச்சா என்ன ஆகும்?”

“பாட்டு உலகம் பூரா கடைக்குப் போகும்.”

“என் பேரோடவா?”

“பாட்டுக்குள்ள உங்க பேர் பதினாறு தடவை வருது, பாப்.”

சர்பஞ்ச் நாற்காலியில் சாய்ந்தார். “எனக்கு முந்தி இருந்த சர்பஞ்ச் யாரு, சொல்லு பாப்போம்.”

மினினுக்கு ஞாபகம் வரவில்லை.

“பாத்தியா? ஒருத்தனும் அந்த ஆளைத் திட்டிப் பாடல. போயே போயிட்டான்.” குமாஸ்தாவைக் கூப்பிட்டார். தீர்மானம் அங்கேயே தயாரானது. ‘அம்பெமொல் கிராமத்தின் பெயரை மேற்படி பாடகர் மூன்று வருட காலத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது. காலம் முடிந்ததும் பெயரைச் சேதமின்றித் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.’ மூன்று முத்திரைகள் விழுந்தன. நான்காவது முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கிதேரியு சொன்னார்: “பாட்டு போடற இடத்துல பேரு போடுவாங்களாமே. அதுல என் பேரும் எங்கயாவது ஓரமா வரட்டும்.”

“பாப், பாடினது நான்...”

“அட, ஓரமான்னுதானே சொல்றேன். நான் என்ன விளம்பரத்துக்கு அலையற ஆளா?”

நான்கு படங்களிலிருந்தும் நான்கு கிதேரியுகள் மினினைப் பார்த்தார்கள். மினின் தலையசைத்தார். முத்திரை விழுந்தது.

இந்த முறை கம்பெனி மூன்றே நாளில் பாவேயின் குரலில் போன் செய்தது.

“வாழ்த்துகள். உங்க பாட்டு தேறிடுச்சு. பாட்டெல்லாம் வெள்ளிக்கிழமைதான் வெளியாகும், உலகம் பூரா அதுதான் முறை. ஆகஸ்ட் வரைக்கும் எல்லா வெள்ளியும் நிறைஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணு காலி.” தேதியைச் சொன்னார்.

மினின் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு சிலுவையைப் பார்த்தார். “சார், அன்னிக்குப் பெரிய வெள்ளி. ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்ச நாள். எங்க ஊர்ல கோயில் மணியைக்கூட அடிக்க மாட்டோம். மரக்கட்டையைத்தான் தட்டுவோம்.”

“அதைத்தான் சொல்ல வந்தேன். அன்னிக்கு உங்க மொழியில போட்டியே கிடையாது. எங்க கணிப்பொறி அஞ்சு வருஷத்தைப் பாத்துட்டுச் சொல்லுது, ஒவ்வொரு வருஷமும் அப்படி ஒரு வெள்ளி காலியாவே கிடக்கு. ஏன்னுதான் புரியல.”

“ஏன்னுதான் சார் இப்ப சொன்னேன்.”

“ஏன்ங்கறது எங்க துறை இல்லைங்க. வேண்டாம்னா அடுத்த காலி வெள்ளி ஆகஸ்ட்ல இருக்கு.”

சனி மதியம் பொனிஃபாஸின் கெடு. மினின் போனைக் கையில் வைத்துக்கொண்டு எஸ்பெரான்சாவைப் பார்த்தார். நாற்பது நாள் நோன்பில் மீசைக்கு மை வைப்பதைக்கூட நிறுத்துகிறவர், அந்த நாளில் சர்பஞ்சைக் கேலி செய்கிற பாட்டை உலகத்துக்கு விடப்போகிறார்.

“சரின்னு சொல்லு,” என்றாள் அவள். “அன்னிக்கு யாரும் கேக்கப்போறதில்ல. யாரும் கேக்காத பாட்டுல என்ன பாவம் இருக்கு?”

பெரிய வெள்ளியன்று பாட்டு வெளியானது. அம்பெமொல்லில் அன்று ஒரு ரேடியோகூடப் பாடவில்லை. மினின் கறுப்புச் சட்டையோடு ஊர்வலத்தில் போய், ஆண்டவர் சுரூபத்தின் பாதத்தை முத்தமிட்டு, போன் இருந்த பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே வீடு வந்தார். மாலையில் கம்பெனியின் கடிதம்: ‘வெளியான முதல் நாளில் உங்கள் பாடலை ஒருவரும் கேட்கவில்லை. மோசடிக்கான எந்த அறிகுறியும் இல்லை. இதே தரத்தைத் தொடரவும்.’

சனிக்கிழமை காலையில்தான் கடையைத் திறந்து பார்த்தார்கள். கொட்டாவியை அடக்குகிற மினினின் படம் இருந்தது. அதன் கீழே பாட்டின் பெயர். அதன் கீழே பாடியவர்: கிதேரியு கொலாசு.

மினின் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தொட்டுத் திறந்தார். அவருடைய குரல் பாடியது. எஸ்பெரான்சா பக்கத்தின் அடி வரைக்கும் போய்த் தேடி, ‘இதர உதவிகள்’ என்ற தலைப்பின் கீழ் கண்டுபிடித்தாள்: ‘மினின் (பரிசீலனையில்).’

மினின் பாடிக்காட்டிய குரல் மாதிரியோடு புகார் அனுப்பினார்கள். பதில் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. மறுப்பதற்கு மட்டும் அவர்களுக்கு நேரம் பிடிப்பதில்லை. ‘இந்தக் கோப்பில் அரசு முத்திரையுடன் மெய்ப்பிக்கப்பட்ட ஒரே நபர் திரு. கொலாசு. எனவே குரல் அவருடையதாகக் கொள்ளப்படுகிறது. நீங்கள் அனுப்பிய மாதிரிக் குரலை அவருடைய குரலோடு ஒப்பிட்டோம். தொண்ணூற்றாறு சதவீதம் ஒத்துப்போகிறது. போலிகளில் இவ்வளவு நெருக்கம் அரிது. உங்கள் முயற்சியைப் பாராட்டுகிறோம்.’

“மீதி நாலு சதவீதம் யாராம்?” என்றாள் எஸ்பெரான்சா.

மினின் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார். நேற்றிரவு குடித்த கஞ்சியில் உப்பு அதிகமோ, குரல் மாறிவிட்டதோ என்று அவருக்கே லேசாகச் சந்தேகம் தட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எஸ்பெரான்சாவுக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. கம்பெனி மேல் அல்ல.

“இந்தா, மனுஷா. கையை எடு. தொண்டை எங்கயும் போகல. லிங்கை அனுப்பு.”

அனுப்பினார். பொனிஃபாஸ் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்.

“கேட்டேன், மினின். அருமை. சர்பஞ்சுக்கு இப்படி ஒரு குரலா?”

“அது என் குரல், பொனிஃபாஸ். ஜனவரியில நீ பக்கத்துலதான் நின்னே.”

“நின்னேன். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஸ்பான்சருக்குத் தெரியணுமே? உன் பேரைத் தட்டினான், கிதேரியு வந்தார். கிதேரியுவைக் கூப்பிட்டேன். துள்ளிக் குதிக்கறார். ஆனா பாட வராதாம். கூட்டத்துல பாடினா பதவிக்கு மரியாதை இல்லையாம்.” பொனிஃபாஸ் தொண்டையைக் கனைத்தார். “அதனால, அவர் முன் வரிசையில உக்காரட்டும். நீ அவர் குரல்ல பாடு.”

“யார் குரல்ல?”

“அவர் குரல்ல. போஸ்டர் அடிக்கக் கொடுத்துட்டேன்.”

போஸ்டர் மாலையிலேயே மட்காவில் ஒட்டப்பட்டது. ‘உலகக் கடைகளை உலுக்கிய சர்பஞ்ச் கிதேரியு கொலாசுவின் பாடல்! மேடையில் அவரைப் போலவே பாடுபவர்: மினின்.’ ஊர்ப் பெயரை விட்டுவிட்டார்கள். இடமில்லையாம்.

மினின் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஞாயிறு மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எஸ்பெரான்சா அவருடைய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினாள். “நீ போகலேன்னா வாஸ்கோக்காரன் மூக்கால பாடுவான். அதுவும் உன் பாட்டை,” என்றாள். மினின் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

மண்டபம் நிரம்பியிருந்தது. முன் வரிசை நடுவில் கிதேரியு, புதுக் கறுப்புக் கோட்டும் பூவுமாக. மூன்றாம் அங்கம் முடிந்து, பார்வையிழந்த தகப்பன் மகனைச் சபித்து, திரை விழுந்தது. பின்னால் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. மினின் வெளிச்சத்துக்கு வந்தார். டிரம்பெட் முழங்கியது.

முதல் வரியிலேயே சபை அவரைக் கண்டுகொண்டது. பின் பெஞ்சுகளில் விசில். மூன்று சரணமும் பாடி முடித்தார். கூரை இடிந்துவிடும் போலக் கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு முன் வரிசையில் ஒருவர் எழுந்தார். கிதேரியு. சபையைப் பார்த்துத் திரும்பி, கையைக் கூப்பி, பாடிக் களைத்த மனிதரைப் போல நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, குனிந்து வணங்கினார்.

மினின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியக்காரர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். மினின் டிரம் அடிப்பவரைப் பார்த்து, இன்னொரு தடவை என்று இரண்டு விரலைக் காட்டினார். டிரம்காரர் புரிந்துகொண்டு குச்சியை எடுத்தார். எங்கும் பதிவாகாத, எந்தக் கோப்பிலும் இல்லாத, அந்த நிமிஷம் வரை பாடியவருக்கே தெரியாத ஒரு சரணம் வந்தது.

*நாடா வெட்டின கையி இப்ப பாட்டும் வெட்டிடுச்சே,*
*தொண்டை எனக்கு, பேரு மட்டும் உனக்கு ஒட்டிடுச்சே,*
*எழுந்து நின்னு கும்பிடற என் குரலின் சொந்தக்காரரே,*
*அடுத்த வரி என்னான்னு நீங்க பாடுங்க பார்ப்போமே.*

டிரம் நின்றது. மினின் மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, மேடை விளிம்புக்கு வந்து, குனிந்து, முன் வரிசையை நோக்கி நீட்டினார்.

விசில் ஓயாததால் மறுபடி குனிந்திருந்த கிதேரியு பாதி வணக்கத்தில் இருந்தார். உட்கார்ந்தால் பாட்டு தன்னுடையது அல்ல என்றாகும். நிமிர்ந்தால் பாட வேண்டும். கூப்பிய கையோடு, வளைந்த முதுகோடு அப்படியே நின்றார். முதலில் பின் பெஞ்சில் ஒருவர் சிரித்தார். பிறகு பால்கனி. பிறகு மண்டபம் முழுவதும், ஸ்பான்சரின் குடும்பம் உட்பட. எஸ்பெரான்சா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வரி வருமா என்று உண்மையாகவே காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திரைக்குப் பின்னால் சுத்தியல் சத்தம் ஓய்ந்தது. ஆஸ்பத்திரி தயாராகிவிட்டது. திரையிழுப்பவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பொனிஃபாஸைப் பார்த்தார்.

பொனிஃபாஸ் திரையின் ஓரத்தை விலக்கி முன் வரிசையை எட்டிப் பார்த்தார்.

“திரையை ஏத்தாதே,” என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”